வண்டி காலி

ராஜகுருவின் பழைய ஜீப்பை உயர்த்திக் கட்ட, மெக்கானிக் ஜலீல் இரண்டு ஸ்பிரிங் செட்டுகளைத் தரையில் கிடத்தினார்.

"இது ஹார்டு தம்பி. பாறையில பயமில்லாம ஏறும். ஆனா பின்சீட்டுல இருக்கவங்க முதுகு தாங்காது. அது சாஃப்ட்டு. பின்னால வழக்கமா யாரு உக்காருவா?"

வாசலில் நின்ற ஜீப்பின் பின்சீட்டில், முதுகில் ஆபரேஷன் ஆன அவன் அக்கா உட்கார்ந்திருந்தாள். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அவள் போவது அதில்தான்.

"யாருமில்ல பாய்" என்றான் ராஜகுரு, ஹார்டு ஸ்பிரிங்கைக் காலால் தொட்டு.

வெளியே அக்கா கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினாள். அவள் கால் ஊன்றியதும் ஜீப்பின் பின்பக்கம் முனகிக்கொண்டு ஒரு விரற்கடை மேலெழுந்தது. ஜலீல் அதைப் பார்த்தார்.

"இப்ப உயரத்த அளந்துக்கங்க பாய், வண்டி காலியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

ஜலீல் டேப்பின் ஒரு முனையை ராஜகுருவிடம் நீட்டினார். சக்கரத்தருகே குனிந்தவன், அளந்து முடித்த பிறகும் நிமிரவில்லை.