பூப்போட்ட கால்மிதி

கிட்ட வந்து உட்காருங்க, இதைக் கேட்டா உங்களுக்கும் வயிறு எரியும். ஒரு முதியோர் இல்லத்துக் குளியலறை வாசலில் டைல்ஸ் ஒன்று பெயர்ந்து கிடந்தது. அதில் தடுக்கி விழுந்துதான் தவமணியம்மாவுக்கு முட்டி வீங்கியது. இன்று சோதனைக்கு அதிகாரி வருகிறாரென்று, அதை மாற்றாமல் மேலே புதுக் கால்மிதியை விரித்துவிட்டார்கள்.

தவமணியம்மாவின் கைத்தடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெட்கமா இல்லையாடி? நாளைக்கு அவ மறுபடி விழுவாளே!"

"நான் எவ்வளவு அழகா மறைக்கிறேன் பாரு," என்று நெளிந்தது கால்மிதி.

தடி கோபத்தை மென்று விழுங்கியது. "அழகுதான் தாயி. ஆனா இந்த இருட்டுல யாரு பார்ப்பா? ஜன்னலோரம் போனா அதிகாரி கண்ணு உன்மேலதான்."

கால்மிதி நகர்ந்து நகர்ந்து ஜன்னலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதிகாரி உள்ளே நுழைந்ததும், தடி சுவரிலிருந்து சரிந்து, பெயர்ந்த டைல்ஸ் மேலேயே 'டணார்' என்று விழுந்தது.