அண்ணாச்சி செய்த பாவம்

இரண்டு இரும்புத் தட்டுகளும் பட்டறைத் தரையில் சாக்கின் மேல் கிடந்தன. பாதிரியார் அருமைநாயகம் சாமி அங்கியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு குனிந்து, நாடி பிடிக்கிற வைத்தியரைப் போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

ஜெர்மனியிலிருந்து சாமிக்கு ஒரு சக்கர வீடு கப்பலில் வந்து இறங்கியிருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ். தூத்துக்குடியே மூன்று நாள் வரிசையில் நின்று பார்த்தது. மில்லர்புரத்துக்காரர் ஒருவர் வாடகைக்குக் கேட்டு, பாயும் தலையணையுமாக வந்துவிட்டார்.

லாரியின் முதுகில் ஓர் இரும்புத் தட்டைப் பூட்ட வேண்டும். அதன் தாடை, வீட்டின் கழுத்தில் இருக்கும் முளையைக் கவ்விக்கொள்ளும். பிறகு லாரி போகிற இடமெல்லாம் வீடும் போகும்.

வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் ஐந்தாம் சக்கரம். சாமி முதல்நாள் வந்து அப்படிக் கேட்டபோது, பட்டறையில் ஒரு ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்போது சரியான சாமான் வந்திருந்தது. ஒன்று துருப்பிடித்தது. மற்றது புதுக் கறுப்புப் பெயின்ட்.

கறுப்புத் தட்டின் தாடையில், பெயின்டுக்கு அடியில், பூசியிருந்த பட்டிக்கும் அடியில், ஒரு வெடிப்பு இருந்தது. வெல்டர் வளனுக்கு அது தெரியும். மருந்து கொடுக்க மணப்பாட்டுக்குப் போகிற வழியில் ஒரு பள்ளம் போதும். வீடு தனியாக, லாரி தனியாக. வீட்டுக்குள் மருந்துப் பெட்டிகளோடு சாமியும் இரண்டு கன்னியாஸ்திரிகளும் இருப்பார்கள்.

“கறுப்ப எடுங்க சாமி, மாப்பிள்ள மாதிரி இருக்கு. அந்தத் துரு கெடக்கு, சோத்துல உப்பு இல்லன்னு கோவிச்சுட்டுப் போன சம்பந்தி!” என்றார் பட்டறை முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி.

வளன் பதறவில்லை. சாமி துருவைத்தான் எடுப்பார். எடுக்காமல் எப்படி?

சாமி கறுப்பின் மேல் கையை வைத்தார்.

வைத்த கையை எடுக்கவில்லை.

வளனுக்குப் புரியவில்லை. இன்று காலை பூசைக்கு முன்னால்தானே செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்று, கம்பி வலை வழியாக இதே சாமியின் காதில் வெடிப்பு விஷயத்தைச் சொன்னான்? பாவத்துக்குப் பாவமும் தீரும், சாமிக்குச் சேதியும் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னான். அந்த நிம்மதியில் எட்டு இட்லி வேறு சாப்பிட்டிருந்தான்.

“இதையே மாட்டிருங்க” என்றார் சாமி.

நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அவர் தட்டைப் பார்க்கவே இல்லை, வளனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வளனுக்கு உறைத்தது. அந்தத் தொட்டிக்குள் கேட்டதை ஒரு சாமியார் வெளியே கொண்டுவரக் கூடாது. வாயால் சொல்லவும் கூடாது, அதை வைத்துக் கையால் ஒன்றை ஒதுக்கவும் கூடாது. உயிரே போனாலும் கூடாது. ஞானோபதேச வகுப்பில் இதைத் தவறில்லாமல் ஒப்பித்து, புனிதர் படம் பரிசு வாங்கியவன் அவன். சாமியிடம் சேதி சொல்வதாக நினைத்து, அவர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறான். அவன் சொல்லாமல் இருந்திருந்தால், நாலு தரம் தட்டிப் பார்த்தாவது கண்டுபிடித்திருப்பார்.

அண்ணாச்சி சங்கிலி பிளாக்கை இழுத்தார். தட்டு சாக்கைவிட்டு எழும்பியது.

“சாமி, அது வேண்டாம். தாடை வெடிச்சிருக்கு” என்றான் வளன்.

சாமி இடுப்பை நிமிர்த்தி, ஊரிலுள்ள காற்றையெல்லாம் ஒரே மூச்சில் இழுத்து விட்டார்.

அண்ணாச்சியின் கையிலிருந்து சங்கிலி நழுவியது. “வெடிச்சிருக்கா? ஏலே, எனக்கே தெரியாதேலே! உனக்கு எப்படிலே தெரியும்?”

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தத் தட்டைக் கீழே போட்டு உடைத்தவனும், பட்டி பூசி மறைத்தவனும், பெயின்ட் அடித்தவனும் வளனே.

சாமி அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அந்த மனிதரைப் பற்றி என்னவெல்லாமோ நினைத்துவிட்டவரைப் போல, வெகுநேரம் பார்த்தார்.

“எங்க முதலாளி வெடிச்ச தட்ட விக்கப் பாக்காரு சாமி” என்றுதான் வளன் காலையில் சொல்லியிருந்தான். அதற்குப் பரிகாரமாகச் சாமி சொல்லச் சொன்ன மூன்று அருள்நிறை மந்திரத்தையும், அண்ணாச்சி பேரைச் சொல்லியே ஒப்புக்கொடுத்து முடித்திருந்தான்.