பாம் செடிக்குத் தண்ணி ஊத்தாதவ

நான் சொல்லப்போறது அத்தனையும் நிஜம். ஒரு வார்த்தை பொய்னாலும் என் மீசைய ஒரு பக்கம் மட்டும் வழிச்சுவிட்டு கடைத்தெருவுல நடக்க விடுங்க.

பஸ் டிரைவரோட அக்கா, பையும் கையுமா தம்பி வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல பாத்தது தம்பிய இல்ல. தொட்டியில நின்ன பாம் செடிய, அதான் அந்த அழகுப் பனைய.

"அடிப்பாவி! என்னடி இது, தேஞ்ச துடைப்பம் மாதிரி நிக்குது?"

தம்பி பொண்டாட்டி பைய வாங்கி உள்ள வச்சா.

அது தம்பி பிள்ளை மாதிரி வளத்த செடி. வெயில் நேரா படாம, வெளிச்சம் மட்டும் விழற ஜன்னலோரமாப் பாத்து வச்சிருந்தான். குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தமாட்டான், முந்தின நாளே பிடிச்சு வச்சுதான் ஊத்துவான். பஸ் கண்ணாடி துடைக்கிற மாதிரி ஒவ்வொரு இலையா ஈரத்துணியால துடைப்பான். வாரம் ஒருதடவை ஸ்டியரிங் மாதிரி தொட்டிய கால் சுத்து திருப்புவான். "நம்ம வீட்டுல நின்னுக்கிட்டே வர்ற பாசஞ்சர் இவரு ஒருத்தர்தான்"பான்.

அந்த டிரைவர் இப்ப நாலு மாசமா நாற்காலியில. வாதம் அடிச்சு வலது பக்கம் போச்சு, கூடவே பேச்சும் போச்சு. எந்திரிக்க முடியாது. வலது கை நனைஞ்ச துண்டு மாதிரி மடியில கிடக்குது. "பழக்கினாத்தான் கை வரும், விட்டுட்டா போயிடும்"னு டாக்டர் ஒரு ரப்பர் பந்து குடுத்தாரு. அத இடது கையால எறிஞ்சான் பாருங்க, அலமாரிக்கு அடியில போனது போனதுதான்.

அக்கா விடுவாளா?

"ஜன்னல்கிட்ட இருந்தத எதுக்குடி இந்த இருட்டு மூலைக்கு இழுத்துட்டு வந்தே?"

"அவருக்குப் பக்கத்துல இருக்கட்டும்னுதான் அண்ணி."

"பக்கத்துல வச்சு, அவன் கண்ணு முன்னாடியே கொல்றதுக்கா? ஸ்டூல் மேல நிரப்பி வச்ச பூவாளி வேற! தண்ணிய வேடிக்கை காட்டினா வேர் நனையுமா?"

டிரைவர் செடியவே பாத்துக்கிட்டு இருந்தான். இலை நுனியெல்லாம் பழுப்பாக் காஞ்சு தொங்குது.

மறுநாள் தம்பி பொண்டாட்டி தையல் கம்பெனிக்குக் கிளம்பினதுதான் தாமதம், அக்கா ஒரு வாளித் தண்ணிய மடமடன்னு கவுத்துட்டா. தொட்டி வழிஞ்சு தரையெல்லாம் குளம்.

சாயங்காலம் வந்தவ மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாத்தா. மூஞ்சி செத்துப்போச்சு.

"யாரு ஊத்தினது அண்ணி?"

"நான்தான். ஜெயில்ல போடுவியா?"

"உங்க கால்ல வேணா விழுறேன். இனிமே ஊத்தாதீங்க."

"இன்னிக்குச் செடிக்குத் தண்ணி இல்ல. நாளைக்கு என் தம்பிக்குச் சோறு இல்ல. அப்படித்தானேடி?"

அவ கண்ணத் துடைச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. 'இவ மனசு கல்லு'ன்னு முடிவு கட்டின அக்கா, காவலுக்கு இங்கேயே கிடப்போம்னு பையப் பிரிச்சு துணிய அடுக்கிட்டா. இவ என்னடான்னா கம்பெனிக்கு லீவு போட்டுட்டா! அக்கா பூவாளியத் தொட்டா போதும், ஓடி வந்து பிடுங்கிக்குவா.

பத்து நாள் ஆச்சு. மண்ணு மறுபடி வெடிச்சுப்போச்சு. ஒரு மத்தியானம் பெரிய இலை ஒண்ணு துவண்டு, டிரைவர் முழங்கால் மேல சாஞ்சுது.

அடுப்படியிலேருந்து அதப் பாத்த அக்காவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "இனி பொறுக்கமாட்டேன்"னு எந்திரிச்சா. தம்பி பொண்டாட்டி அவ மணிக்கட்ட இறுக்கிப் பிடிச்சா.

"சத்தம் போடாதீங்க அண்ணி. அங்க பாருங்க."

நாற்காலியில அந்தச் செத்த கை நடுங்குது.

ஒரு விரல் அசைஞ்சுது. அப்புறம் ரெண்டு. மடியிலேருந்து நத்தை மாதிரி ஊர்ந்து நாற்காலிக் கைப்பிடி மேல ஏறுது, வழுக்குது, திரும்ப ஏறுது. அவன் நெத்தியில வேர்வை கொட்டுது. ஸ்டூல் வரைக்கும் போயிடுச்சு. பூவாளிக் காதுக்குள்ள விரல் மாட்டுது.

அக்கா அவ்வளவு நேரம் வாயத் திறக்காம நின்னது அந்த வீட்டுல நடந்த ரெண்டாவது அதிசயம்.

பூவாளி சாஞ்சுது. பாதி தரையில, பாதி அவன் காலுல. நாலே நாலு சொட்டு தொட்டியில.

"கு...டி"ன்னான் டிரைவர், செடியப் பாத்து. நாலு மாசத்துல வந்த முதல் வார்த்தை.

அக்கா அப்படியே தரையில உக்காந்துட்டா. மலையே எந்திரிச்சு நடந்த மாதிரி அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தா.

"பந்தப் பிடிங்கன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு அண்ணி"ன்னா தம்பி பொண்டாட்டி, ரகசியமா. "அதான் இடது கைக்கு எட்டாம, வலது கைக்கு மட்டும் எட்டுற மூலையாப் பாத்து செடியையும் பூவாளியையும் வச்சேன். செடி சாகவும் கூடாது, தாகம் தீரவும் கூடாது. அவரு கண்ணசந்த நேரமாப் பாத்து, தினம் கரண்டியில அளந்து நான்தான் ஊத்திக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதாங்க. கதை கேட்டுட்டு காசு போடாம நழுவினா எப்படி? உங்க வலது கை நல்லாத்தானே வேலை செய்யுது, பாக்கெட்டுக்குள்ள விடுங்க பாப்போம்!