வடக்குக் கரைக் குடில்

இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று மணி நேரம் இருந்தது.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஏரியின் வடக்குக் கரையில் மரம் வெட்டும் இயந்திரங்கள் இறங்கும். அதற்குள் அவள் அங்கே போய், ஒரு கரடியைப் பார்த்துவிட வேண்டும்.

கரடி இருக்கிற காட்டை வெட்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. வடக்குக் கரையில் கரடி இல்லை என்று வன அலுவலகத்தின் பட்டியலும் இருந்தது. முடிந்துபோன பட்டியலை யார் வந்து சொன்னாலும் திறக்க மாட்டார்களாம். உரிமம் வாங்கிய வழிகாட்டி ஒருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும் வெட்டு நிற்கும். நேற்றே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சாப்பாட்டு மேசையில் காட்டின் வரைபடம், ரயில் நேரம் குறித்த தாள், அக்காவிடம் இரவல் வாங்கிய பனி பூட்ஸ். பூட்ஸ் ஒரு அளவு பெரிது. இரண்டு ஜோடி காலுறை போட்டு, வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தாயிற்று.

பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக ஒரு தாளில் எழுதியிருந்தாள். முதல் வரி 'வணக்கம்'. அதையும் எழுதி வைத்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

போனில் வந்த வழிகாட்டி இருபது வருஷமாகக் கரடி பார்க்க வருகிறவர்களோடு மரக்குடில்களுக்குள் கிசுகிசுத்தே பழகியவர். வீட்டிலிருந்து பேசும்போதும் அதே குரல். இவளும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவள். எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கத்தியை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, போனின் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

தெற்குக் குடிலில் இடம் இருக்கிறது என்றார் அவர். நல்ல கட்டில், அடுப்பு, பெரிய ஜன்னல். போன வாரம் வந்தவர்கள் ஒரே சாயங்காலத்தில் நான்கு கரடி பார்த்தார்கள்.

வடக்குக் குடில்தான் வேண்டும் என்றாள் அவள். தாளின் மூன்றாவது வரி.

அது இலையுதிர் காலத்திலிருந்தே பூட்டிக் கிடக்கிறது என்றார். புகைபோக்கியில் பனி அடைத்திருக்கும். அடுப்பு பற்றாது.

அடுப்பு வேண்டாம் என்றாள். கனமான படுக்கைப் பை கொண்டுவருகிறாள். சாயங்காலம் நான்கு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை வாய் திறக்காமல் உட்கார வேண்டும் என்பதும் தெரியும்.

அது மட்டும் இவளுக்குச் சிரமமே இல்லை என்று அக்கா போனுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

சரிவைப் பார்த்த சின்ன ஜன்னல் திறக்குமா என்று அவள் கேட்டாள். இதற்கு முன் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார் அவர். இல்லை என்றாள். அந்த வடக்குத் திசைக்கே அவள் ஒருமுறையும் போனதில்லை.

"தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறியேடி," என்றாள் அக்கா. "அந்தக் காட்டுல முயலாவது இருக்கா?"

அவள் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. பார்த்ததாக அவர் எழுதிக் கொடுத்தால் எத்தனை மணி நேரத்தில் வன அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்?

இப்போது அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குரல் இன்னும் தணிந்தது.

"கரடி இருந்தா நானே முதல் ஆளா கையெழுத்துப் போடுவேன்மா. எனக்கு மட்டும் அந்தக் காடு போறதுல சந்தோஷமா? ஆனா குளிர்காலம் பூரா அங்க கேமரா வெச்சுப் பார்த்துட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு பட்டியலே வந்தாச்சு. அங்க உட்கார்ந்து மரத்தையா எண்ணப் போறீங்க?"

தாளில் வரிகள் தீர்ந்துவிட்டன.

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றாம் எண் கேமராவின் பிப்ரவரிப் படத்தைப் பற்றிச் சொன்னாள். சரிவில் ஒரு பனிமேடு. அதில் கைமுட்டி நுழையுமளவு ஒரு துளை. துளையை ஒட்டிய சுள்ளிகளில் மட்டும் உறைபனி பஞ்சுபோல் தடித்திருக்கிறது. நாலடி தள்ளி ஒரு சுள்ளியிலும் இல்லை. உள்ளேயிருந்து ஈரமும் சூடுமாகக் காற்று வந்துகொண்டே இருந்தால்தான் அப்படிப் படியும். உள்ளே குளிர்காலத் தூக்கத்தில் ஏதோ மூச்சு விடுகிறது. பனி இளகிக்கொண்டிருக்கிறது. இந்த வாரமோ அடுத்த வாரமோ அது எழுந்து வெளியே வரும். குட்டிகளோடும் வரலாம். வெளியே வருவதற்குள் இயந்திரம் வந்துவிட்டால், மேட்டின் மேலேயே ஏறிவிடும்.

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அக்கா கேட்டதில்லை.

வழிகாட்டியின் கிசுகிசுப்பு முதல்முறையாக உடைந்து முழுக்குரல் வந்தது. அந்தப் படங்கள் வெளியாட்கள் கைக்கே வராதே என்றார். இருபது வருஷத்தில் தனக்கே ஒன்றைக்கூடக் காட்டியதில்லையே என்றார். அப்படியொரு துளை இருந்தால் பட்டியலில் எப்படி ஒன்றுமில்லை என்று வரும்?

"கண்ணைப் பிடரியில வெச்சுக்கிட்டு அந்தப் படத்தைப் பார்த்த ஆள் யாரும்மா?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

அவள் போனை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் சார் பார்த்தேன். ஒண்ணும் இல்லைன்னு எழுதினதும் நான்தான்."