கோட்டுக்கு மேலே

"போதும் மாமா! அது இஞ்சின், தண்ணித் தொட்டி இல்ல!"

வாசல் படியில் உட்கார்ந்திருந்த மச்சினன் கத்தினான். அக்கா புருஷன் காதில் வாங்கவே இல்லை. கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் புது ஆயில் உள்ளே இறங்கியது.

"கொஞ்சம் கூட இருந்தா என்ன மாப்ளே? வண்டி நல்லா வழுக்கிக்கிட்டு ஓடும்."

"மெக்கானிக்கிட்டயே விட்டிருக்கலாம்."

"இதுக்கெல்லாமா மெக்கானிக்?"

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துடைக்காமலேயே தூக்கிப் பார்த்தார்.

"கோட்டைத் தாண்டி ஒரு விரல் மேல நிக்குது. அதனால என்ன? ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாம்!"

மச்சினனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாத வேலையில் ஏன் கையை வைக்க வேண்டும்? அதுவும் இந்த வீட்டில்!

அவனுடைய அக்கா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை. இந்தக் காருக்கும் அவள்தான் எல்லாம். டயர் மாற்றுவதிலிருந்து ஆயில் மாற்றுவது வரை யாரையும் தொட விட மாட்டாள்.

போன மழைக்காலத்தில், ஒரு திருப்பத்தில், சைக்கிள்காரர் ஒருவர் அவள் ஓட்டிய காருக்குக் குறுக்கே வந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. தப்பு அவள் மேல் இல்லை என்று அவரே சொன்னார். இப்போது எழுந்து நன்றாக நடக்கவும் செய்கிறார். ஆனால் அவள் அன்று சாயங்காலமே சாவியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். அதே ஸ்கூலில் இப்போது ஆபீஸ் வேலை. போக வர பஸ். காருக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை.

"என்னது? ஸ்டார்ட் பண்ணப் போறீங்களா?"

சமையலறை ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. அடுத்த நிமிஷம் ஈரக் கையோடு வெளியே வந்துவிட்டாள்.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"கேன் காலி."

"அடக் கடவுளே! முழுசாவா? இந்த நிலைமையில ஓட்டினா ஆயில் நுரைச்சுக்கும். சீலெல்லாம் பிச்சுக்கும். குறைஞ்சா மட்டும்தான் ஆபத்துன்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"நான் கம்பியில பார்த்தேனே…"

"துடைக்காம பார்த்தீங்க, ஜன்னல்லயிருந்து தெரிஞ்சுது! அதுவும் சரிவுல நிக்கிற வண்டியில. மூக்கு மேல இருக்கு, வால் கீழ இருக்கு. அளவு எப்படிச் சரியா காட்டும்? தள்ளி நில்லுங்க!"

பழைய பேசினை இழுத்துக்கொண்டு அவளே வண்டிக்கு அடியில் நுழைந்தாள். ஆயில் வடிக்கிற நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினாள். விழுகிற ஆயிலைக் கண்ணாலேயே அளந்து, டக்கென்று முறுக்கி இறுக்கினாள். வெளியே வந்தபோது மூக்கு நுனியில் கறுப்பு.

"இப்ப சமதரையில நிறுத்தி, கொஞ்ச நேரம் இஞ்சினை ஓட விட்டு, அணைச்சு, ஆயில் கீழ இறங்கினதும் பார்க்கணும். வண்டியைத் தெருவுக்கு எடுங்க."

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முழங்கை வரை எண்ணெய்.

"இதோட சீட்டுல உட்காரவா?"

"கழுவிட்டு வாங்க."

"இது லேசுல போற அழுக்கா?"

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குக்கா பார்க்கிற? உன்கிட்ட படிச்சதுல பாஸாகாத ஒரே ஆள் நான்தானே!"

அரைகுறையாக நிற்கிற வேலை அவளுக்கு ஆகவே ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பழைய துணியில் கையைத் துடைத்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். சாவியைப் பாதி திருகி, விட்டு, மறுபடியும் பிடித்தாள்.

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் தோளை அழுத்திப் பிடித்தார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

இஞ்சின் உறுமியது.

வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறங்கியது. அவள் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், மறுபடியும் இடது பக்கம் பார்த்தாள். தெருவில் சமமான இடத்தில் நிறுத்தினாள். ஓட விட்டாள். அணைத்தாள். காத்திருந்தாள். இறங்கி வந்து கம்பியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்தாள்.

"மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழ! இதுதான் அளவு. பார்த்துக்கோங்க!"

சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனையோ மாசமாகியிருந்தது.

"எதுக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்துடறேன்."

யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், ஏறினாள், இண்டிகேட்டர் போட்டு முனையில் திரும்பினாள்.

அவர் படியில் உட்கார்ந்தார். மூச்சை நீளமாக விட்டார்.

மச்சினனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லவேளை மாமா, உங்களுக்கு ஆயில் மாத்தத் தெரியல!"

அவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"போன தடவை நான்தான் மாத்தினேன் மாப்ளே, கோடு பிசகாம. அவ எட்டிக்கூடப் பார்க்கல. அதான் இந்தத் தடவை தப்பா மாத்தினேன்."