ஒன்பது மணி, நான்கு நிமிடம்

சரியாக ஒன்பது மணிக்கு இணையம் அறுந்தது.

எட்டு ஐம்பத்தொன்பது வரை ஒரு குறையும் இல்லை. மேசைக்கு அடியில் கணினிப் பெட்டி மூச்சுக் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. முந்தாநாள் வரை மாவு மில் மாதிரி இரைந்த பெட்டி அது.

அக்காவின் விரல் மவுஸின் மேலேயே விறைத்து நின்றது.

அவளும் தங்கையும் ஒரே நிறுவனத்துக்கு, அவரவர் வீட்டிலிருந்து, ஒரே வேலை செய்கிறார்கள். மருத்துவர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை. ஒன்பது மணிக்கு அன்றைய பதிவுகளின் பட்டியல் திறக்கும். யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கு.

பந்திக்கு முந்தியவர்களுக்குத் தெளிவான குரல், ஐந்து நிமிடப் பதிவு. பிந்தியவர்களுக்கு வாயில் எதையோ மென்றுகொண்டே பேசும் மருத்துவர், முக்கால் மணி நேரம்.

இரண்டு வருடமாக அக்கா பிந்தியவள். இந்த மாதமும் எண்ணிக்கை குறைந்தால் வேலையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. மாதம் முடிய எட்டு நாள்தான்.

பெட்டிக்கு வயது பதினொன்று. தயாரித்த கம்பெனியே முழுசாகப் பூட்டி விற்ற கணினி. ஒன்பது மணிக்கு ஊரே போய் முட்டும்போது கிழடு தாங்காமல் மூர்ச்சை போட்டு விழுகிறது, நான்கு நிமிடம் கழித்து எழுகிறது என்பது தங்கையின் கணிப்பு. குடும்பத்தில் கணினி தெரிந்தவள் அவள்தான்.

சரி, கிழட்டைக் குமரியாக்கிவிடுவோம் என்று சனிக்கிழமை அக்காவே திருப்புளியை எடுத்துவிட்டாள்.

நான்கு ஜிபி ரேமைக் கழற்றிப் பதினாறு போட்டாள். புது நெட்வொர்க் கார்டு செருகினாள். புது பவர் சப்ளை மட்டும் முரண்டு பிடித்தது. இந்த மாதிரி பெட்டிகளுக்கென்று கம்பெனி தனியாக ஒரு செருகி வைத்திருக்கிறது. வெளியில் விற்கும் சப்ளையின் வாய் அதில் பொருந்தாது. நடுவில் போட ஒரு சின்ன வயர் வாங்க மறுபடி பஸ் ஏறினாள். கடைசியாக, பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததை ஒன்றுவிடாமல் புது எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்து மாட்டினாள்.

பதினொரு விநாடியில் திரை எழுந்தது. கணவரைக் கூப்பிட்டு மூன்று தடவை அணைத்துப் போட்டுக் காட்டினாள்.

இப்போது ஒன்பது ஒன்று.

போனில் அதே வைஃபை ஜோராக ஓடியது. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள்தான். ஆனால் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் புதுசு.

ஒன்பது நான்குக்கு இணையம் திரும்பியது. பட்டியலில் மென்று பேசுகிறவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள்.

அக்கா எதையும் அழுத்தவில்லை. கடிகாரத்தையே பார்த்தாள்.

களைத்த பொருளுக்கு நேரம் தெரியாது. ஒரு நாள் மூன்று நிமிடம் படுத்துக்கொள்ளும், ஒரு நாள் ஆறு. ஒன்பதுக்கு அறுந்து ஒன்பது நான்குக்கு ஒட்டுகிறதென்றால் அது களைப்பு இல்லை. யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

கணினியில் அப்படிச் சொல்லிவைக்க ஓர் இடம் உண்டு. இன்ன நேரத்தில் இன்ன வேலையைச் செய் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், அலாரம் மாதிரி அது பாட்டுக்குத் தினமும் செய்யும். அந்த இடத்தைத் தேடித் திறந்தாள். வரிசையாகக் கணினியின் சொந்த வேலைகள். நடுவில், ‘பராமரிப்பு’ என்று ஒரு வரி.

அதற்குள் மூன்றே கட்டளைகள். ஒன்பது மணிக்கு இணைப்பை அணை. இருநூற்று நாற்பது விநாடி பொறு. இணைப்பைப் போடு.

டிஸ்கை நகல் எடுத்தபோது, இதையும் அவளே பத்திரமாகப் புது வீட்டில் குடியேற்றியிருக்கிறாள்.

பக்கத்தில் அதை எழுதிய தேதி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அவள் செய்த சிபாரிசில் தங்கைக்கும் அதே வேலை கிடைத்து, ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்ட நாள். அக்கா அடுப்படியில் நின்ற நேரத்தில், உன் பெட்டியில் குப்பை சேர்ந்திருக்கும், துடைச்சுத் தரேன் என்று தங்கை அரை மணி நேரம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். வருடம் வேறாக இருக்கும் என்று திரையில் விரல் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள்.

வேறாக இல்லை.

போன் அடித்தது. தினமும் இந்த நேரத்துக்கு ஆறுதல் சொல்ல வரும் அழைப்பு.

“என்னக்கா, அவ்வளவு சாமான் வாங்கிப் போட்டியே, இன்னிக்காவது கிடைச்சுதா?”

குரலில் கவலை இருந்தது. அசல் கவலை. அதுதான் அக்காவை உலுக்கியது. வாயைத் திறந்தபோது என்ன வந்து விழப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

“இல்லடி. அதே நாலு நிமிஷம்தான்.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இளகியது. கிழட்டு மாட்டுக்குப் புது லாடம் அடித்தால் பந்தயத்தில் ஓடிவிடுமா, விட்டுத் தள்ளு, நான் இல்லையா உனக்கு என்று தங்கை பேசிக்கொண்டே போனாள்.

அக்கா ‘ம்’ கொட்டியபடியே அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, ‘நீக்கு’ என்பதை அழுத்தினாள்.