அவர் பார்த்துக் கொடுத்த சந்தா

“இந்த மூணுல எதை எடுக்கலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நீங்கதானே இந்தத் துறையில இருக்கீங்க?”

லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள் மனைவி.

மூன்றுமே ஆன்லைனில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் தளங்கள். வருடச் சந்தா கட்டிவிட்டால் எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் படிக்கலாம். குழந்தை பிறந்ததும் ரத்தப் பரிசோதனை நிலையத்து பில்லிங் வேலையை விட்டவள், இப்போது டேட்டா அனலிஸ்ட் ஆகப் போகிறாளாம்.

அவன் சாஃப்ட்வேர் டெஸ்டர். சேர்ந்த நாளிலிருந்து அதே வேலை, அதே நாற்காலி. கூடச் சேர்ந்தவர்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள்.

முதல் தளம் எவ்வளவு நல்லது என்று அவனுக்குத் தெரியும். பக்கத்து சீட்டுக்காரன் அதில் படித்துத்தான் டீம் லீடர் ஆனான். இன்றைக்கு லீவு வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து சீட்டுக்காரனிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதைப் பற்றியும் தெரியும். எப்போதோ ஆசையாகச் சேர்ந்து, ஒரே வாரத்தில் தலைமுழுகியது. பாடம் நடத்துகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலப் பேசுவார். அவர் அழுத்தச் சொல்லும் பட்டன் இப்போதைய சாஃப்ட்வேரில் தேடினாலும் கிடைக்காது.

மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்திலிருந்த ஆர்வம் அவனை என்னவோ செய்தது. இவளும் நம்மைத் தாண்டிப் போய்விட்டால்?

“மூணாவதை எடு. அதுதான் உனக்குச் சரியா இருக்கும்.”

“அப்படியா? நான் முதலாவதை எடுக்கலாம்னு நினைச்சேன்.”

“அதெல்லாம் வெறும் விளம்பரம்மா.”

“சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

கொஞ்ச நாளில் மூட்டை கட்டிவிடுவாள் என்று நினைத்தான். கட்டவில்லை.

அவன் ஆபீஸுக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போனதும் உட்காருவாள் போலிருக்கிறது. சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் டீயோடு சேர்த்து ஒரு சந்தேகத்தையும் நீட்டுவாள்.

“ஏங்க, ரெண்டு டேபிளைச் சேர்க்கும்போது ஒரே ஆள் பேரு ரெண்டு தடவை வருதே, அதை எப்படிச் சரி பண்றது?”

“இரு, குளிச்சிட்டு வந்து சொல்றேன்.”

குளியலறைக்குள் போய் மொபைலில் தேடுவான். அவன் வெளியே வருவதற்குள் அவளே கண்டுபிடித்திருப்பாள்.

“வந்துடுச்சுங்க!” என்று குழந்தை மாதிரி கை தட்டுவாள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். “சாம்பிளுக்குக் குடுத்த கணக்கு இப்படித்தான் வரும். வேலைன்னு போனாத்தான் தெரியும்.”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்துவிடுவாள். அந்தச் சத்தம் அவன் நெஞ்சிலேயே தட்டுவது போல இருக்கும்.

ஒரு நாள் பெரிய மருத்துவமனை ஒன்றில் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. பதவியின் பெயரே அவன் பதவியைவிட நீளமாக இருந்தது.

வாழ்த்துச் சொல்ல அவள் அண்ணன் குடும்பத்தோடு வந்தார்.

“இத்தனை வருஷம் கழிச்சு எப்படிம்மா சாதிச்சே?”

“எல்லாம் இவராலதாண்ணா. எதுல படிக்கணும்னு இவர்தான் பார்த்துப் பார்த்து எடுத்துக் குடுத்தார்.”

அண்ணன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்பிள்ளை, பொண்டாட்டி முன்னுக்கு வரணும்னு நினைக்கிற மனசு எல்லாருக்கும் வராது.”

சிரித்து வைத்தான். பாவம், வெகுளி. நான் கவிழ்க்கப் பார்த்தது கூடத் தெரியாமல் எனக்கே மாலை போடுகிறாளே என்று உள்ளுக்குள் எகத்தாளமாக இருந்தது. பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொன்னாள். போனில் தன் மாமியாரிடமும் அதையேதான் சொன்னாள்.

கேட்கக் கேட்க அவனுக்கு வேறொரு எண்ணம் முளைத்தது. ஒருவேளை அந்தத் தளத்தை இப்போது திருத்திவிட்டார்களோ? நல்ல பாடங்கள் வந்திருக்குமோ? இவளே படித்து வேலை வாங்கியிருக்கிறாள் என்றால், நான் படித்தால் டீம் லீடரையே தூக்கிச் சாப்பிடலாமே!

யாருக்கும் தெரியாமல் தன் பழைய சந்தாவைப் புதுப்பித்தான். திறந்து பார்த்தான்.

அதே கிணறு. அதே குரல். அதே காணாமல் போன பட்டன்.

அவள் முதல் நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை.

“ஆமா, அந்த மூணாவது தளத்துல நீ எந்தப் பாடத்தைத்தான் படிச்சே? நானும் பார்க்கலாம்னு...”

கைப்பையின் ஜிப்பை இழுத்தவள் அப்படியே நின்றாள்.

“அதுல நான் சேரவே இல்லைங்க.”

“என்னது?”

“அன்னைக்கே நம்ம வீட்டு மெயிலைப் போட்டுச் சேரப் போனேன். ‘மீண்டும் வருக’ன்னு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுது. ஒரு வாரம் படிச்சிட்டு நீங்க விட்டுட்டதும் அதுலயே இருந்துது. சரின்னு, நீங்க வேண்டாம்னு சொன்ன முதலாவதையே எடுத்துட்டேன்.”

அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“எல்லாம் தெரிஞ்சுமா உங்க அண்ணன்கிட்ட, ஊர்ல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் நான் பார்த்துக் குடுத்ததுன்னு சொன்னே? ஏன்?”

அவள் குனிந்து செருப்பை மாட்டினாள்.

“நிஜமாவே நீங்க பார்த்துக் குடுத்திருக்கக் கூடாதான்னு ஆசையா இருந்துச்சுங்க. அதான், அப்படியே சொல்லிக்கிட்டேன்.”